எங்கள் வீட்டுக்குப் போட்ட கோடு

வெள்ளம் வந்தால் எங்கள் ஊரில் யாரை முதலில் தூக்க வேண்டும் என்று பட்டியல் எழுதியவள் நான். அந்தப் பட்டியலில் என் தம்பியின் பெயர் இல்லை. மறந்துபோய் விடுபட்டது என்று சில நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். பேனையைக் கையில் பிடித்து, நன்றாக யோசித்து, அந்தக் கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு போட்டேன். ஒருவரும் இல்லை என்பதற்கு அலுவலகத்தில் அப்படித்தான் போடுவோம்.

எங்கள் ஊர் அரியாலைக்குக் கிழக்கே, பரவைக்கடலை ஒட்டிக் கிடக்கிறது. கோடையில் முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம். இறாலும் நண்டும்தான் பாதிப் பேரின் பிழைப்பு. மாரியில் அதே கடல் நிரம்பி நிற்கும். பட்டணத்துப் பக்கமிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீர் கடலுக்குள் இறங்க வழியில்லாமல் எங்கள் வளவுகளில் தங்கிவிடும். எந்த வீடு எவ்வளவு தாழும், எந்த வீட்டில் யாருக்கு ஓட ஏலாது என்று மழைக்கு முன்பே எழுதி வைக்கச் சொல்லி ஒரு படிவம் வந்தது. நான் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். சொந்த ஊரையே என்னிடம் தந்தார்கள். ஊராள் கேட்டால் சனம் உண்மையைச் சொல்லும் என்று நினைத்தார்களாம். அப்படி நினைத்தவர்கள் எங்கள் சனத்தோடு எவ்வளவு காலம் பழகியவர்களோ தெரியாது.

புரட்டாதி வெயிலில் குடையும் படிவக் கட்டுமாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். கடலிலிருந்து எவ்வளவு தூரம், கூரை என்ன, சுவர் என்ன, கிணற்றுக்கட்டு எவ்வளவு உயரம், போனமுறை தண்ணீர் எதுவரை வந்தது. போனமுறைத் தண்ணீர் ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு உயரம். நிவாரணம் வரும் என்று நம்பியவர்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்கள். காணி விற்க நினைத்திருந்த ஒருவர் கணுக்காலைக் காட்டினார். அவர் வீட்டுச் சுவரில் வெள்ளத்தின் கறை இருந்த இடத்துக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு. நான் சுவரையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தேன். "பிள்ளை, தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். குடித்துவிட்டு இடுப்பளவு என்று எழுதினேன். பொய்யைக் கண்டுபிடிப்பதில் எனக்கு அப்போது பெரிய கெட்டித்தனம் இருப்பதாக நினைப்பு.

எங்கள் வீட்டில் மூன்று பேர். அம்மா, நான், என்னிலும் ஆறு வயது இளைய தம்பி. அப்பா எங்களுடைய படிப்புக் காலத்திலேயே இறந்துபோய்விட்டார். தம்பிக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வரத் தொடங்கியது. காலை ஒரு குளிசை, இரவு ஒரு குளிசை. ஒழுங்காகப் போட்டு, ஒழுங்காக நித்திரை கொண்டால் மாதக்கணக்கில் ஒன்றும் வராது. நித்திரை முழித்தால் வரும். வருவதற்குச் சற்று முன் அவனுக்கு ஏதோ கருகுகிற மணம் அடிக்கும். "அக்கா, மணக்குது" என்று சொல்லிக்கொண்டே எங்கே நிற்கிறானோ அங்கேயே நிலத்தில் குந்தி இருந்துவிடுவான். பிறகு நாங்கள் அவனைச் சரித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே ஏதாவது மெதுமையாக வைத்து, அது முடியும்வரை பக்கத்தில் இருப்போம்.

பட்டணத்து ஆஸ்பத்திரி எங்களுக்கு அரை மணித்தியாலத் தூரம். அம்மா அவனை அங்கே கொண்டுபோக மாட்டார். இரண்டு பஸ் மாறி, வடமராட்சிப் பக்கம் கொண்டுபோய் மாதாமாதம் குளிசை எடுத்து வருவார். வாசலடி ஒழுங்கையால் போகிற யாராவது கேட்டால் வல்வெட்டித்துறையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வருகிறோம் என்பார். வல்வெட்டித்துறையில் எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை. பட்டணத்துக் கிளினிக் வரிசையில் தெரிந்த முகம் ஒன்று கண்டால், அடுத்த நாள் ஊர் முழுக்க 'பரம்பரை வியாதி' என்று கதை வந்துவிடும் என்று அவருக்குப் பயம். வந்தால் என் கலியாணம் நடக்காது. அவனுக்கு இருப்பது பரம்பரையாக வருகிற வகை இல்லை என்று டொக்டர் எத்தனை தரம் சொன்னாலும், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு டொக்டரா பதில் சொல்லப் போகிறார்?

தம்பியைக் கடலுக்கும் விடுவதில்லை, கிணற்றடிக்கும் தனியே விடுவதில்லை. வளவுக்குள்ளேயே வளர்ந்தவன் என்பதால் வளவுக்குள் வரும் தண்ணீரை அவனைப்போல யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு மாரியும் கிணற்றுக்கட்டில் கரித்துண்டால் கோடு கீறுவான். ஊர் வரைபடம் கீறுவதற்கு நான் மேசையில் உட்கார்ந்தபோது பின்னால் வந்து எட்டிப் பார்த்தான்.

"அக்கா, பிழையாக் கீறுறாய். வெள்ளம் றோட்டாலை வாறேல்லை. பின்னாலை பூவரசு வேலிக்குள்ளாலைதான் முதல் வாறது. மதகடியிலை சுத்திப்போட்டுத்தான் றோட்டுக்கு ஏறும்."

அடுத்த மழையில் போய் நின்று பார்த்தேன். அவன் சொன்னது அச்சொட்டாகச் சரி. வரைபடத்தைத் திருத்தினேன். கூட்டத்தில் மேலதிகாரி அதைப் பார்த்து, "நல்ல அவதானிப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். யாருடைய அவதானிப்பு என்று சொல்லவில்லை.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: பிறர் உதவியின்றி வெளியேற இயலாதோர். பெயர், வயது, காரணம். அந்தப் பட்டியலைச் சனசமூக நிலையத்தில் ஒட்ட வேண்டும், ஆபத்து நேரத்தில் யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. எங்கள் வீட்டுப் படிவத்தைக் கடைசியாக எடுத்தேன். அந்தக் கிழமைதான் நீர்வேலியிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. வாழைத்தோட்டக்காரர், மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், மரியாதையான ஆட்கள். எனக்கு முப்பத்திரண்டு முடிந்திருந்தது. எனக்கும் ஆசை இருந்தது. அதை இங்கே மறைத்து என்ன பயன்.

அம்மா மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவன் நடப்பான்தானே பிள்ளை. கை காலெல்லாம் சுகம். பிறகென்னத்துக்கு உதிலை எழுதுறாய்?"

"வெள்ளத்துக்கை நிக்கேக்கை வந்தால், அம்மா?"

"நான் இருக்கிறன்தானே. நீர்வேலிக்காரர் ஊருக்குள்ளை விசாரிக்க வருவினம். சனசமூக நிலையத்திலை அவன்ரை பேரை ஒட்டி வைச்சு நீயே காட்டிக் குடுக்கப்போறியே?"

நடப்பான் என்பது உண்மைதான். கேள்வி வெளியேற ஏலாதவர்களைப் பற்றியது. அவனால் ஏலும், நூற்றில் தொண்ணூறு தரம் ஏலும். இப்படி ஒரு நியாயத்தைக் கட்டி எழுப்ப எனக்கு இரண்டு நிமிடம் தேவைப்பட்டது. கோட்டைப் போட்டுவிட்டுக் கையெழுத்தும் வைத்தேன். தம்பி அறைக்குள்தான் இருந்தான். இதில் அவனுடைய விருப்பம் என்ன என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

கார்த்திகைக் கடைசியில் புயல் வருகிறது என்று வானொலியில் சொல்லத் தொடங்கினார்கள். மூன்று நாள் விடாத மழை. கடல் பொங்கி நின்றது. மூன்றாம் நாள் காலையில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிக் கட்டளை வந்தது. இடம்பெயர்ந்து வருகிறவர்களைப் பதிந்து தங்கவைக்கும் இடம் அதுதான். நான் புறப்பட்டபோது வளவில் கணுக்கால் தண்ணீர். தம்பி இரண்டு இரவாகப் படுக்கவில்லை. தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று மணிக்கொரு தரம் டோர்ச் அடித்துக் கிணற்றுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் சிவந்திருந்ததைக் கண்டேன். "போய்ப் படடா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சனத்தை ஏற்றிவர ஒழுங்கு செய்திருந்த வள்ளத்துக்குப் பொறுப்பானவர் எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கும் இறால்காரர். உறவு இல்லை, ஆனாலும் சின்ன வயதிலிருந்து எனக்கு அவர் அண்ணைதான். என் பட்டியலின் ஒரு பிரதியைப் பொலித்தீன் பையில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். ஒழுங்கைக்குள் வள்ளத்தைக் கோலால் தள்ளிக்கொண்டுபோய், பட்டியலில் இருந்த ஒழுங்குப்படி ஒவ்வொருவராகக் கொண்டுவந்து இறக்கினார். பக்கவாதக்காரர், பிள்ளைத்தாய்ச்சி, கண் தெரியாத ஒரு மனுசி. ஒவ்வொரு பெயராக நான் சரி போட்டேன். அந்தக் காலையில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எழுதியது எழுதியபடி நடக்கிறதே என்று.

பத்து மணிபோல ஒரு தாயும் தகப்பனும் இருபது வயதுப் பெட்டை ஒருத்தியைப் பெற்சீற்றால் போர்த்து நடுவில் நடத்திக்கொண்டு வந்தார்கள். வழி முழுக்கத் தண்ணீருக்குள் நடந்தே வந்திருக்கிறார்கள். பெட்டை சத்தம் போட்டுக்கொண்டு தகப்பனின் கையைக் கடித்தது. அந்த வீட்டில் நான் இரண்டு தரம் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். அப்படி ஒரு பிள்ளை அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்லை? எழுதியிருந்தால் முதல் வள்ளத்திலையே கொண்டுவந்திருக்கலாமே. இப்பிடி ஒளிச்சு வைச்சு அதின்ரை உயிரோடையெல்லே விளையாடியிருக்கிறியள்!"

அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் தலையைத் துவட்டத் தொடங்கினார். அவ்வளவு சனத்துக்கு முன் அவரை ஏசினேன். அதை நினைக்கும்போது இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மத்தியானம் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது, முழங்காலுக்கு மேல்.

"நாங்கள் மேசையிலை ஏறி இருக்கிறம். நீ பயப்பிடாதை."

"இஞ்சை வாங்கோ அம்மா."

"அங்கை ஊர்ச்சனம் முழுக்க இருக்கும். இவன் ரெண்டு நாளா நித்திரை இல்லை. அதுகளுக்கு முன்னாலை வந்துதெண்டால்?" குரலைத் தாழ்த்தினார். "மழை விடும் பிள்ளை. பாப்பம்."

நான் மறுத்துக் கதைக்கவில்லை. எனக்குள்ளும் அதே பயம் இருந்ததுதான் காரணம். பள்ளிக்கூட மண்டபத்தின் நடுவில் அவன் விழுவதும், சனம் வட்டமாக நின்று பார்ப்பதும் என் கண்ணுக்கு முன் வந்தது. அந்த வட்டத்தில் நீர்வேலிக்குச் சொல்லக்கூடிய ஆள் யார் யார் என்றுகூட யோசித்தேன்.

இரண்டு மணிபோல அண்ணை பட்டியலின் கடைசி ஆளைக் கொண்டுவந்து இறக்கினார். விறைத்துப்போய் உதடு நீலமாக இருந்தது. சீனி கூடப் போட்டு ஒரு பிளேன்ரீ கொடுத்தேன். நின்றபடியே குடித்தார்.

"பட்டியல் முடிஞ்சுது தங்கச்சி. உங்கடை வீட்டுப் பக்கம் தண்ணி இழுவையாக் கிடக்கு. ஒருக்காப் போய்ட்டு வரட்டே? அங்கை ஒருத்தருக்கும் ஏலாமல் இல்லைத்தானே?"

பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். அவர் என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார். ஒரு சொல் போதுமாக இருந்தது.

"இல்லை அண்ணை" என்றேன். "அவையள் நடந்து வருவினம். நீங்கள் மற்றப் பக்கத்தைப் பாருங்கோ." உத்தியோகத்தர் தன் வீட்டுக்கு வள்ளம் அனுப்பினார் என்று பேர் வரக்கூடாது என்றும் அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு நேர்மை என்று பெயர் வைக்கவும் எனக்குத் தெரிந்திருந்தது.

அவர் "சரி தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைத் தந்துவிட்டுப் போனார்.

அரை மணித்தியாலம் கழித்து அம்மாவின் போன் வேலை செய்யவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். பிறகு அண்ணைக்கு எடுத்தேன். மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கிற சத்தத்தில், வீட்டுக்கு வெளியே ஒருவரிடமும் சொல்லியிராத அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"அண்ணை, தம்பிக்கு வலிப்பு வாறது. கெதியாப் போங்கோ!"

"நான் அங்கைதான் போய்க்கொண்டிருக்கிறன்" என்றார்.

நடந்தது இதுதான். தண்ணீர் மேசையைத் தொட்டதும் தம்பி புறப்படுவோம் என்றிருக்கிறான். எந்தப் பக்கத்தால் போனால் இழுவை குறைவு என்று அவனுக்குத் தெரியும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவன்தான் முன்னால் நடந்திருக்கிறான். மதகடிக்குக் கிட்ட வந்ததும், "அம்மா, மணக்குது" என்றானாம். இருக்க இடமில்லை. இடுப்பளவு தண்ணீர். அம்மா ஒரு கையால் வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கியிருக்கிறார். அவனுடைய உடம்பு அடித்த அடியில் பலதரம் கை வழுக்கியிருக்கிறது. கத்தியிருக்கிறார். கேட்க யாரும் இல்லை. எவ்வளவு நேரம் என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணை வந்து இருவரையும் வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டபோது தம்பிக்கு மூச்சு இருந்தது. முகம் கறுத்திருந்தது.

அவன் பிழைத்தான். நெஞ்சுக்குள் தண்ணீர் போய்ச் சளி கட்டி, பல நாள் மெசினில் கிடந்து, மார்கழி முடியத்தான் வீட்டுக்கு வந்தான். எல்லோருக்கும் தெரிந்த அதே பட்டணத்து ஆஸ்பத்திரியில்தான் கிடந்தான். வந்தவனுக்குப் பேச்சு மெதுவாகிவிட்டது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் காத்திருக்க வேண்டும். வலது கையால் பென்சிலைப்போல மெல்லியதைப் பிடிக்க வராது. மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த நேரம் அப்படிச் செய்துவிட்டது என்றார்கள். முன்பே அறிவித்திருந்தால் காலையிலேயே கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்டார் ஒரு இளம் டொக்டர். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரு பின்னேரம் அண்ணை எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி" என்றார். "அவனுக்கு வாறது எனக்கு எப்பவோ தெரியும். ஊருக்கே தெரியும். உனக்குக் கலியாணம் பேசுகினம், வாயைத் திறக்கக்கூடாது எண்டுதான் ஒருத்தரும் கதைக்கேல்லை. அண்டைக்கு நீ இல்லை எண்டு சொன்னாப்போலை, உன்னை ஆக்களுக்கு முன்னாலை பொய்க்காரியாக்கக் கூடாது எண்டு திரும்பிப் போனன். கொஞ்சத் தூரம் போய்த்தான் மனம் கேக்கேல்லை."

அவர் அழுதார். ஐம்பது வயது மனிதர் சாரத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான்தான் கேட்டிருக்க வேண்டும். பதினான்கு வருசம் நாங்கள் கட்டிக் காத்த இரகசியத்தை ஊர் முழுக்கச் சேர்ந்து எங்களுக்காகக் கட்டிக் காத்திருக்கிறது. அந்தத் தயவில்தான் என் தம்பி தண்ணீருக்குள் கிடந்தான்.

நீர்வேலிக்காரரும் வந்து பார்த்தார்கள். இரண்டு சீப்புக் கதலிப்பழம் கொண்டுவந்து, தம்பியின் கட்டிலடியில் வைத்து, அம்மாவோடு அன்பாகக் கதைத்துவிட்டுப் போனார்கள். தைக்குப் பிறகு சாதகத்தை மறுபடி பார்த்ததாகவும் பொருத்தம் குறைவென்றும் தரகர் சொன்னார். எனக்கு அவர்களில் கோபம் இல்லை. ஓர் இரவு அழுதேன். எதற்கு அழுதேன் என்று பிரித்துச் சொல்ல ஏலாது.

இந்த வருசம் புரட்டாதியில் படிவம் மறுபடி வந்தது. வேறு யாருக்காவது கொடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். நடந்ததையும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நீயே செய் என்றார். ஊர்க்குழுவில் கதைத்துச் சில மாற்றம் செய்தோம். பெயர்ப் பட்டியலைச் சனசமூக நிலையத்தில் ஒட்டுவதில்லை. வள்ளத்துக்குப் பொறுப்பானவரிடமும் என்னிடமும் மட்டும் இருக்கும். உதவி தேவைப்படுகிறவருக்குக் கதைக்க முடியுமென்றால் அவரிடமே நேரில் கேட்க வேண்டும், வீட்டுக்காரர் அவருக்காகப் பதில் சொல்லக்கூடாது. ஆபத்து நேரத்தில் தன்னைக் கூட்டிப்போக வேண்டிய ஆளின் பெயரையும் அவரே சொல்ல வேண்டும். பெற்சீற் போர்த்த பெட்டையின் வீட்டுக்கு முதல் நாளே போனேன். வாசலில் நின்று, அன்றைக்கு நான் கதைத்தது பிழை என்று அந்தத் தாயிடம் சொன்னேன். அவர் உள்ளே வரச்சொல்லி மகளைக் காட்டினார்.

எங்கள் வீடு ஒழுங்கை வரிசையில் எப்போது வந்ததோ அப்போது போனேன். அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார். தம்பி எனக்கு முன்னால் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். மற்ற வீடுகளில் கேட்டதைப் போலவே ஒவ்வொன்றாகக் கேட்டேன். என்ன வருத்தம், எப்போது வரும், வந்தால் பக்கத்தில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும். காத்திருந்து காத்திருந்து எழுதினேன். எங்களிலும் பார்க்கத் தெளிவாக அவனுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது.

"ஆபத்தெண்டால் உன்னை ஆர் வந்து கூட்டிக்கொண்டு போகவேணும்?" என்று கேட்டேன்.

யோசித்தான். "வள்ளக்கார... அண்ணை."

"ஏன், நான் வரமாட்டனே?"

அவன் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. "உனக்கு... அண்டைக்கு வேலை இருக்கும் அக்கா."

அம்மா குசினிப் பக்கம் எழுந்து போனார். நான் அண்ணையின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, அவர் வர முடியாமல் போனால் வேறு யார் என்று இன்னொரு கட்டம் இருந்தது. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. படிவத்தை மடிக்கப் போனபோது அவன் இடது கையை நீட்டி அதைப் பிடித்தான். வெறுமையாக இருந்த கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.

"அதிலை... உன்ரை பேரைப் போடு" என்றான். "வர ஏலுமெண்டால்... வா."